இடப்பக்கமே இழுத்த வண்டி: லிஃப்ட் போட்ட வி-கிராஸில் மூன்று வருடம்

போன வாரம் போடியிலிருந்து தம்பி முறையுள்ள ஒருவன் போன் செய்தான். என்னைப் போலவே ஏலத்தோட்டக்காரன். அவனிடமும் இசுசு கம்பெனியின் பிக்கப் வண்டியான வி-கிராஸ் ஃபோர் பை ஃபோர் இருக்கிறது. "அண்ணே, நீங்க போட்ட மாதிரி ரெண்டு இன்ச் லிஃப்ட் நானும் போட்டுரட்டுமா?" என்றான். லிஃப்ட் என்றால் வண்டியைத் தரையிலிருந்து இன்னும் உயர்த்துவது. "போடாத" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பாவமாக இருந்தது. காரணம் கூடச் சொல்லவில்லை. அந்தக் காரணம் போனில் சொல்லி முடிகிற நீளமும் இல்லை.

வண்டியைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. எஞ்சின், சுமை, மைலேஜ் எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. நான் சொல்ல வருவது லிஃப்ட் போட்ட மறுநாளிலிருந்து என் வலது தோள்பட்டை பட்ட பாட்டை.

லிஃப்ட் போட்டதற்குக் காரணம் தோட்டத்துப் பாதை. நடுவில் ஒரு ஓடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் பாதையின் மண் முழுக்கக் கரைந்து பாறை மட்டும் மேலே நிற்கும். ஒவ்வொரு முறையும் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் அந்த இரண்டு இன்ச்சின் அருமை தெரியும். துபாயில் இருக்கும் என் மச்சினன், "இங்க நல்ல கிட் மலிவா கிடைக்குது மச்சான்" என்று முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்தது) இரண்டும் பின் ஸ்பிரிங் பட்டையும் வாங்கி அனுப்பினான். ஒரு பட்டறையில் ஒரே நாளில் மாட்டித் தந்தார்கள். மறுநாள் ஓடையைத் தாண்டினேன். சத்தமே இல்லை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை வண்டி வாங்கிய நாளில்கூடப் பட்டதில்லை.

அப்புறம் மலையிலிருந்து இறங்கினேன்.

போடிமெட்டு மலைப்பாதையில் எதுவும் தெரியாது. 17 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருப்பதால், வண்டி நம்மை இழுக்கிறதா நாம் வண்டியை இழுக்கிறோமா என்று பிரித்துப் பார்க்க முடியாது. கீழே வந்து போடி தாண்டி தேனி ரோட்டைப் பிடித்து, 60-இல் நேராகப் போகும்போது கையை லேசாகத் தளர்த்தினேன். வண்டி இடப்பக்கம் புளியமரத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. தேனி போய்ச் சேரும்வரை வலது கையால் ஸ்டியரிங்கைக் கீழே இழுத்துப் பிடித்தபடியே ஓட்டினேன்.

பட்டறைக்காரர், "புது ஸ்பிரிங் செட் ஆகணும்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்றார். ஓட்டினேன். செட் ஆகவில்லை. அடுத்து வீல் அலைன்மென்ட். ஒன்றல்ல, மூன்று கடை. மூன்றிலும் திரையைக் காட்டி, "எல்லாம் பச்சையா இருக்கு பாருங்க சார்" என்றார்கள். பச்சையாக இருந்தது டோ மட்டும். டோ என்றால் மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்கும் அளவு. அது தப்பினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஆனால் இரண்டு முன்சக்கரமும் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதால் வண்டி ஒரு பக்கமாக இழுக்காது. இது எனக்கு அப்போது தெரியாது, சரி. தினம் முப்பது வண்டிக்கு அலைன்மென்ட் பார்க்கிறவருக்குமா தெரியாது? "கேம்பர், கேஸ்டர் எல்லாம் கம்பெனி செட்டிங், தொடக்கூடாது" என்று ஒரு கடையில் பாடம் வேறு எடுத்தார்கள். இரண்டும் முன்சக்கர அமைப்பின் சாய்வைச் சொல்கிற அளவுகள். இந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் கேம் போல்ட், அதாவது திருப்பினால் அந்தச் சாய்வு மாறுகிற போல்ட், வைத்திருப்பதே அதைத் தொடுவதற்குத்தான்.

கோபத்தில் நானே கண்டுபிடிப்பது என்று இறங்கினேன். இந்தக் கட்டத்தை மட்டும் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் சந்தேகம் ரோடு. தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை உயர்த்தி ஓரத்தைச் சரித்திருப்பார்கள். இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் போகத்தான் செய்யும். அதனால் ஒரு நூற்பாலையின் லாரி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரே கோட்டில் போகும்போதும் இடம், திரும்பி வரும்போதும் இடம். தரைச் சரிவுதான் காரணம் என்றால் திரும்பி வரும்போது வலப்பக்கம் இழுத்திருக்க வேண்டும். ஆக, தப்பு வண்டியில்தான்.

அடுத்து டயர். உள்ளே பட்டை கொஞ்சம் கோணலாக அமைந்த டயர், கூம்பை உருட்டியது போல ஒரு பக்கமாகவே ஓடும். காற்றைச் சமமாக்கி, முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டேன். இழுவையும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறவில்லை. பிறகு பிரேக். இருபது கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்க காலிபர் (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) விடாமல் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கொதிக்கும். இரண்டும் ஒரே சூடு. பிரேக் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் இழுவை கூடவுமில்லை, குறையவுமில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டும் பார்த்தேன். பவர் ஸ்டியரிங்கின் வால்வில் கோளாறு என்றால் ஸ்டியரிங் தானாகவே ஒரு பக்கம் திரும்பும். அது பாட்டுக்கு அசையாமல் நின்றது. பின் அச்சு நகர்ந்திருக்குமோ என்று முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் இடையே இரண்டு பக்கமும் அளந்தேன். சமம். வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

கடைசியில் மதுரைப் பக்கம், லாரிக்கும் பஸ்ஸுக்கும் அலைன்மென்ட் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர்தான் முதன்முறையாக முழு அளவையும் தாளில் எடுத்துக் கொடுத்தார். கேஸ்டர் இடப்பக்கம் 1.4 டிகிரி, வலப்பக்கம் 2.0. கேம்பரும், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை சாய்ந்திருக்கும் அளவும், இடப்பக்கம்தான் வெளிநோக்கி அதிகம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வுதான் கேஸ்டர். வளைத்த ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருவது அதனால்தான். கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். கேம்பர் எந்தப் பக்கம் அதிகமாக வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமும் இழுக்கும். எனக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம். "அரை டிகிரி வித்தியாசம் வந்தாலே கைக்குத் தெரியும் தம்பி" என்றார்.

கேம் போல்ட்டைத் திருப்பிச் சரிசெய்து என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் அதைத் தொடாமல், "ரெண்டு பக்கமும் உயரம் ஒண்ணா இருக்கா?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தார். இடப்பக்கம் 12 மில்லிமீட்டர் அதிகம். இந்த மாதிரி முன்பக்க அமைப்பில் வண்டியை உயர்த்த உயர்த்த கேஸ்டர் குறையும். இடப்பக்கம் கூடுதலாக உயர்ந்ததால் அங்கே கூடுதலாகக் குறைந்திருக்கிறது. மாட்டியவர்கள் கேம் போல்ட்டைக் குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தது மிச்சத்தைச் செய்திருக்கிறது.

ஸ்ட்ரட்டைக் கழற்றினால், இடப்பக்க ஸ்ட்ரட்டில் மட்டும் தலையில் 6 மில்லிமீட்டர் வளையம் ஒன்று கூடுதலாக இருந்தது. ஸ்ட்ரட் ஆர்மின் நடுப்பக்கம் உட்காருவதால் அங்கே 6 என்றால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெட்டியில் 'எல்', 'ஆர்' என்று ஒட்டியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பட்டறைக்காரர் ஒட்டியிருந்தபடி சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். அங்கேயே நின்று மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் எதுக்குடா வளையம் வச்சிருக்கான்?"

"டிரைவர் வெயிட்டுக்கு மச்சான். இங்க டிரைவர் லெஃப்ட்லதான உட்காருவான்."

பெரியவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லாரியிலிருந்து கிளீனர் பையன் எட்டிப் பார்த்தான்.

வளையத்தை வலப்பக்கத்துக்கு மாற்றினோம். ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், உயரம் மறுபடி தப்பும் என்றார். பிறகு கேம் போல்ட். கேஸ்டர் இடப்பக்கம் 2.1, வலப்பக்கம் 1.8. சமமாக வைக்காமல் இடப்பக்கம் கொஞ்சம் கூட வைத்தது வேண்டுமென்றேதான். அதனால் வண்டிக்கு வலப்பக்கம் ஒரு சிறு சாய்மானம் வரும். நம் ரோட்டின் இடப்பக்கச் சரிவுக்கு அது ஈடு. மதுரையிலிருந்து தேனிவரை இரண்டு விரலில் ஓட்டி வந்தேன்.

இப்போது நியாயமாகப் பேசுவோம். இழுவை போய் ஒன்றரை வருடம் ஆகிறது, திரும்ப வரவில்லை. ஆனால் கேஸ்டர் மொத்தத்தில் இன்னும் குறைவுதான். 90-க்கு மேல் போனால் ஸ்டியரிங் படகுத் துடுப்பு மாதிரி பிடிமானமில்லாமல் மிதக்கும். முழுதும் சரியாக வேண்டுமானால் லிஃப்ட்டுக்கென்றே செய்த மேல் ஆர்ம் போட வேண்டும். விலை விசாரித்தேன், முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். 90-க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். இது போக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. போடிமெட்டில் எல்லை தாண்டும்போதெல்லாம் சோதனைச் சாவடிப் பக்கம் பார்க்காமல் எங்கோ மலையை ரசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்வான் என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

செலவு, அலைச்சல், தோள்வலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தம்பிக்கு நான் சொன்ன பதில் சரிதான். நேற்று மறுபடி போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணு செய்யுங்கண்ணே. இவ்வளவு தொல்லைன்னா அதக் கழட்டி எனக்கே குடுத்துருங்க, பாதி விலை தாரேன்" என்றான்.

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜூன் வருகிறது, ஓடையில் இப்போதே தண்ணீர்.