பட்டியலில் இருந்த இதழ் வேறு, நான் பணம் கட்டிய இதழ் வேறு

பார்ட் டைம் பிஎச்டி செய்பவர்கள், கெஸ்ட் லெக்சரர் வேலைக்கு நடுவே ஆய்வேடு எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டை. காசிமேட்டில் படகு கட்டுகிறவர்கள் புழங்கும் சொற்கள்தான் என் ஆய்வு. இரண்டு வருஷம் மீன்பிடித் துறைமுகத்து வெயிலில் நின்று, அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. பிஎச்டிக்குக் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையிலேயே எடுத்துவிட்டது. ஆனால் நான் சேர்ந்த இடத்தில் கேட்டார்கள். 2023 கடைசி, சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) கொடுக்க ஆறு வாரம்தான் இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஆய்வேடு பைண்டிங் செய்யும் கடை ஒன்று. கடைக்காரர் கேட்டார்: "இன்னா மேடம், கேர் லிஸ்ட் ஜர்னலா? நம்ம சார் ஒருத்தர் கீறாரு. மூணே நாள்ல போட்டுக் குடுத்துடுவாரு." ஒரு வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்தார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. யுஜிசி கேர் பட்டியலில், அதாவது தரமானவை என்று யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலில், தேடினேன். இதழின் பெயர் இருந்தது. இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எட்டு இலக்கமும் அப்படியே பொருந்தியது. அப்புறம்தான் 3,500 ரூபாய் ஜிபே செய்தேன். 'ஃபாஸ்ட் டிராக்' என்று மேலே ஒரு 1,500. இரண்டு தடவையும் பணம் போனது யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. அப்போதே மனசில் சுருக்கென்றது. சினாப்சிஸ் பயம் அதை அமுக்கிவிட்டது.

இரண்டாம் நாளே கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம். மதிப்பீட்டாளர் கருத்து என்ற இடத்தில் "குட். அக்செப்டட்." அவ்வளவுதான். அந்த எட்டுப் பக்கத்தில் பிற்பாடு நானே மூன்று பிழை கண்டுபிடித்தேன். மூன்றாம் நாள் தங்கக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. அதே இதழில் கோழித்தீவனம் பற்றி ஒரு கட்டுரை, கான்கிரீட் வலிமை பற்றி ஒன்று, நடுவில் என் படகு. தமிழாய்வு இதழாம்! அதையும் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

எங்கள் ஆய்வுக் குழுவில் இருந்த ஒரு ஐயாதான் பிடித்தார். "அந்த இதழ் அச்சுல மட்டும்தானேம்மா வரும்? வெப்சைட் எப்ப ஆரம்பிச்சாங்க?" மறுநாள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். நாட்டில் அச்சாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி ஒரு பிரதி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அசல் இதழைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மொத்தமே 96 பக்கம். என் கட்டுரை இருப்பதாகச் சான்றிதழ் சொன்னது பக்கம் 114 முதல் 121 வரை.

அச்சில் மட்டும் வரும், சொந்த இணையதளம் இல்லாத இதழாகப் பார்த்துப் பெயர், எண், அட்டைப்படம், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் ஒரு தளம் போட்டுவிடுகிறார்கள். குளோன் இதழ் என்று பெயர். கேர் தளத்திலேயே இந்தப் போலிகளுக்குத் தனிப் பக்கம் இருந்தது. நான் திறக்கவே இல்லை.

எனக்குத் தெரியாமல் போன விஷயம் இன்னொன்று. அச்சு இதழுக்கும் இணைய இதழுக்கும் ஐஎஸ்எஸ்என் தனித்தனி. பாரிஸில் இருக்கும் ஐஎஸ்எஸ்என் மையத்தின் தளத்தில் எண்ணைப் போட்டால் அது அச்சுக்கா இணையத்துக்கா என்று காசில்லாமலே காட்டும். என்னுடையதில் அச்சு என்றுதான் இருந்தது. கட்டுரைக்குக் கீழே போட்டிருந்த டிஓஐ எண்ணை (இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் எண்) அதற்கான தளத்தில் தட்டினால், அப்படி ஒன்றே இல்லை என்று வந்தது. இரண்டையும் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பணம் கேட்டாலே போலி என்று நான் சொல்லவில்லை. 2006இல் தொடங்கிய பிளாஸ் ஒன் மாதிரி, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைக்கும் நேர்மையான இணைய இதழ்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே கட்டணம் தளத்திலேயே வெளிப்படையாகப் போட்டிருக்கும். மதிப்பீட்டில் தேறாவிட்டால் கட்டுரை திரும்பி வந்துவிடும்.

ஐயாயிரம் போனதைவிட இதுதான் வலிக்கிறது: எங்கிருந்தாவது காப்பி அடித்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு ஆய்வேட்டைப் போட்டபோது என் அத்தியாயமே அந்தப் போலித் தளத்திலிருந்து காப்பி அடித்ததாகக் காட்டியது. நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏற்கனவே வெளியானதை வாங்கமாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். எடுத்துவிடுங்கள் என்று அந்த வாட்ஸ்அப் ஆளிடம் கெஞ்சினேன். "வித்ட்ராயல் சார்ஜ் 4,000 ஆகும் சிஸ்டர்" என்றான். கொடுக்கவில்லை. சைபர் குற்றப் புகாருக்கான 1930க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். பணம் போய் நாலு மாசம் கழித்து! அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் யுஜிசி கேர் பட்டியலையே கைவிட்டுவிட்டது. எந்த இதழ் சரி என்பதை இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும். போன வாரம் அதே எண்ணிலிருந்து எங்கள் ஆய்வு மாணவர் குழுவுக்கு மெசேஜ்: "ஸ்கோபஸ் ஜர்னல், 10 நாளில் கேரண்டி." ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தொகுத்து வைத்திருக்கும் உலகளாவிய தரவுத்தளம். அதன் இதழ்ப் பட்டியலையும் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். நீக்கப்பட்ட இதழ்களுக்கும் பட்டியல் உண்டு. ஆனால் ஸ்கோபஸ் இதழ்ப் பட்டியலில் பெயர் இருந்தாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள், நான் நின்ற இடம் அதுதான். அங்கே தளத்தின் இணைப்பு இருந்தால் அதன் வழியாகவே உள்ளே போங்கள், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வழியாக வேண்டாம். அச்சு இதழ் என்றால் உள்ளட்டையில் இருக்கும் முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் தாமதமாகப் போட்டேன். அசல் ஆசிரியர் தன் கையெழுத்திலேயே பதில் எழுதினார், தன்னிடம் இதே புகாரோடு வந்த ஏழாவது ஆள் நான் என்று.