விலைப்புள்ளிக் கோரிக்கையைத் திருத்தும் ஏபிஐ: ஆவணம் எதுவரை கைகொடுக்கிறது?

கட்டுமானப் பணியின் நடுவே வரைபடம் மாறினால், முதன்மை ஒப்பந்ததாரர் அந்த மாற்றத்துக்கு எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் கூடும் என்று துணை ஒப்பந்ததாரரிடம் எழுத்து மூலம் கேட்கிறார். இதுவே விலைப்புள்ளிக் கோரிக்கை. இந்தக் கோரிக்கையை, திட்ட மேலாண்மை மென்பொருளின் திரையைத் திறக்காமலேயே, நிறுவனத்தின் சொந்தக் கணக்கு மென்பொருளிலிருந்தோ தானியங்கு நிரலிலிருந்தோ திருத்துவதற்கான ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் இடைமுகம்) ஒன்றின் ஆவணமே இங்கு மதிப்பிடப்படுகிறது. கருவி ஒழுங்காக இயங்குகிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் ஆவணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிரலாளர் பிழையில்லாமல் வேலையை முடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முதல் பார்வையில் ஆவணம் நம்பிக்கை தருகிறது. நிறுவனம், திட்டம், ஒப்பந்தம், கோரிக்கை என்ற வரிசையில் எந்த அடையாள எண் எதற்குள் அடங்கும் என்பதும், ஒவ்வொன்றையும் எந்த அழைப்பின் (ஏபிஐக்கு அனுப்பும் வேண்டுகோள்) மூலம் பெறலாம் என்பதும் தெளிவாக உள்ளன. நிரலுக்கு அணுகல் உரிமை தரும் ஓஆத் 2.0 அனுமதி முறைக்குத் தனிப் பக்கம் உண்டு. ஏபிஐயின் அழைப்புகளைக் கணினி படிக்கும்படி விவரிக்கும் ஓபன்ஏபிஐ வடிவில் விவரக்கோப்பைத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பதால், அழைப்புக்கான அடிப்படை நிரலைக் கையால் எழுதவேண்டிய தேவையும் இல்லை.

சிக்கல் தொடங்குவது, எதை அனுப்பினால் எது மாறும் என்ற இடத்தில். இந்தத் திருத்தம், இணையத் தகவல் பரிமாற்ற விதிமுறையான எச்டிடிபியில், ஒன்றின் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதற்கான பேட்ச் என்ற முறையில் நடக்கிறது. 2010-இல் வெளியான ஆர்எஃப்சி 5789 என்ற இணையத் தர ஆவணம் அந்த முறையை வரையறுத்தபோது, அனுப்பப்படும் திருத்தக் குறிப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை வேறு தரங்களுக்கு விட்டுவிட்டது. பின்னர் அத்தகைய வடிவம் ஒன்றை வரையறுத்த ஆர்எஃப்சி 7396-இன்படி, அனுப்பாத புலம் (தரவில் ஒரு விவரத்துக்கான இடம்) அப்படியே இருக்கும், நல் (வெறுமை மதிப்பு) என்று அனுப்பிய புலம் நீங்கும், பட்டியலாக அனுப்பியது பழைய பட்டியலை முழுவதுமாக மாற்றிவிடும். இந்த ஏபிஐ அந்த விதியைப் பின்பற்றுகிறதா என்பதற்கு ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை. புலங்களுக்கு எதிரே ‘விருப்பத்துக்குரியது’ என்று மட்டும் எழுதியிருப்பது, அந்தப் புலத்தை விட்டுவிட்டால் பழைய மதிப்பு நிலைக்குமா, வெறுமையாகுமா என்ற ஐயத்தைத் தீர்க்காது. மின்னஞ்சல் பெறுநர் பட்டியலை எடுத்துக்கொண்டால் இதன் தீவிரம் புரியும். புதிதாக ஒருவரைச் சேர்க்கும் எண்ணத்தில் அவருடைய அடையாள எண்ணை மட்டும் அனுப்பினால், ஏற்கெனவே இருந்த பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விடுபடக்கூடும். கோரிக்கையில் அடுத்து நடக்கும் எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய குறை, நிலை என்ற புலத்தைப் பற்றியது. வரைவு, திறந்தது, முடிந்தது என அது ஏற்கும் மதிப்புகளை ஆவணம் அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் கட்டுமானத்தில் விலைப்புள்ளிக் கோரிக்கை என்பது தரவுத்தளத்தில் தூங்கும் ஒரு வரிசை அன்று. மறுமுனையில் ஒருவர் அதைப் பார்த்துத்தான் பொருள் விலையையும் ஆள்கூலியையும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். வரைவிலிருந்து திறந்த நிலைக்கு மாற்றும்போது அவருக்கு மின்னஞ்சல் போகுமா? அவர் விலையைக் கொடுத்த பிறகு வேலை விவரத்தைத் திருத்தினால், அந்த விலை செல்லுமா, அவரிடம் மறுபடி கேட்கப்படுமா? முடிந்த கோரிக்கையை மீண்டும் திறக்க ஏபிஐ இடம் தருகிறதா? இவற்றுக்கு விடையில்லாத ஆவணம், புலங்களின் அகராதியாக மட்டுமே நிற்கிறது. இணைப்பு அறுந்து, நிரல் அதே அழைப்பை மறுபடி அனுப்பும் வழக்கமான சூழலில்கூட இது முக்கியமாகிறது: ஒரே மதிப்பை இரண்டு முறை எழுதுவதால் தரவு கெடாது, ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு மின்னஞ்சல் போகுமானால், துணை ஒப்பந்ததாரர் இரண்டு அறிவிப்புகளைக் கண்டு குழம்புவார்.

தேதியும் தொகையும் சற்று மேலாகவே கையாளப்பட்டுள்ளன. தொகையை, கணினி தோராயமாகச் சேமிக்கும் மிதவைப் புள்ளி எண்ணாக அல்லாமல் எழுத்துச்சரமாக அனுப்பச் சொல்வது நல்ல முடிவு. பத்தடிமான பின்னங்களில் வரும் நுண்ணிய பிழைகள் ஒப்பந்தத் தொகைக்குள் நுழையாது. பதிலுக்கான கடைசித் தேதியை நேரத்துடன் சேர்த்துக் கேட்கும் ஆவணம், எந்த நேர மண்டலத்தில் என்று சொல்லாமல் விட்டதுதான் இடறல். யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகப் பதிவாகும் 30-ஆம் தேதி, கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவரின் திரையில் 29-ஆம் தேதியாகத் தோன்றலாம். மாற்றத்தால் வேலைக்கு ஏற்படும் காலத் தாக்கத்தை நாள்களில் தரச் சொல்கிறார்கள். அவை வேலை நாள்களா, காலண்டர் நாள்களா என்பது ஒப்பந்தத்தில் சண்டைக்கே காரணமாகும் வேறுபாடு என்று கட்டுமானம் தெரிந்த ஒருவர் இந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் சொல்லியிருப்பார்.

பிழைச் செய்திகள் பகுதி பாராட்டுக்குரியது. அனுப்பிய தரவு ஏற்கப்படவில்லை என்ற பிழை எண் 422 வரும்போது எந்தப் புலம், என்ன காரணம் என்பது மறுமொழியிலேயே இருப்பதும், அழைப்புகள் வரம்பை மீறின என்ற 429 வந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மறுமொழியின் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) வருவதும் மாதிரிகளோடு விளக்கப்பட்டுள்ளன. தளத்திலிருந்து ஒருவரும் அலுவலகத்திலிருந்து ஒருவரும் ஒரே கோரிக்கையை ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் வழி காட்டப்படவில்லை. பதிப்பைக் குறிக்கும் ஈடேக், அந்தப் பதிப்பு மாறாமல் இருந்தால் மட்டும் திருத்தச் சொல்லும் இஃப்-மேட்ச் என்ற தலைப்புகளைப் பயன்படுத்தி, பழைய பதிப்பின் மேல் வரும் திருத்தத்தை 412 என்ற பிழை எண்ணுடன் மறுக்கும் வசதி எச்டிடிபியிலேயே உள்ளது. அது இங்கே இல்லையென்றால், கடைசியாக எழுதியவரின் திருத்தமே நிற்கும் என்றாவது எச்சரித்திருக்க வேண்டும்.

மாதிரி அழைப்பு ஒன்றே ஒன்றுதான், அதிலும் எல்லாப் புலங்களும் நிரப்பப்பட்டுள்ளன. கடைசித் தேதியை மட்டும் தள்ளிவைப்பதுதான் நடைமுறையில் அடிக்கடி வரும் தேவை. அதற்கான இரண்டு வரி மாதிரியும், அழைப்புக்கு முன்னும் பின்னும் அதே கோரிக்கை எப்படி இருக்கும் என்ற ஒப்பீடும் சேர்ந்தால், மேலே எழுந்த ஐயங்களில் பாதி கேட்காமலேயே தீர்ந்துவிடும். அதுவரை, அனுபவமுள்ள நிரலாளர் சோதனைச் சூழலில் ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே மாற்றிப் பார்த்துத் தம் குறிப்பைத் தாமே எழுதிக்கொண்டு இந்தக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதியவர்கள், பெறுநர் பட்டியலையும் நிலையையும் தொடாமல், தேதி, தலைப்பு போன்ற புலங்களோடு தொடங்குவது நல்லது.