ஆர்8169 போதுமா, ஆர்8168 வேணுமா?

திருப்பூர், ஈரோடு பக்கம் பில்லிங் மெஷினுக்கு லினக்ஸ் போடறவங்க அடிக்கடி வந்து நிக்கிற எடம் இதானுங்க, போர்டுல இருக்கற ரியல்டெக் ஈதர்நெட் சிப்பு. அந்தச் சிப்ப ஓட்டற டிரைவருல, லினக்ஸோட மையமான கர்னலோடவே வர்ற ஆர்8169 ஒருபக்கம், ரியல்டெக்காரங்க தனியா குடுக்கற ஆர்8168 இன்னொருபக்கம். ஆர்டிஎல்8111, 8168 சிப்பெல்லாம் ரெண்டுலயும் ஓடும்.

ஆர்8169 கர்னல் சோர்ஸுக்குள்ளயே இருக்குதுங்க, அதனால உள்ள யாராச்சும் ஒரு ஃபங்ஷன மாத்துனா அத யூஸ் பண்ற டிரைவரையெல்லாம் மாத்துனவங்களே சேத்து சரிபண்ணோணும், நாம அப்டேட் போட்டுட்டு கம்முனு பொழப்பப் பாக்கலாம். ஆனா ஒண்ணு, சில போர்டுல ஏஎஸ்பிஎம்ங்கற பவர் சேவிங்னால நெட்வொர்க் லிங்க் விழுந்து விழுந்து எந்திரிக்கும்.

ஆர்8168 கர்னலுக்கு வெளிய இருக்கற சரக்கு. கர்னலுக்குள்ள டிரைவருங்க கூப்புடற ஃபங்ஷனுங்க (ஏபிஐ) மாறாதுன்னு யாரும் வாக்கு குடுக்கறதில்லீங்க, ஒவ்வொரு புது கர்னலுக்கும் டிகேஎம்எஸ்ங்கற டூல் டிரைவர மறுக்கா கம்பைல் பண்ணோணும், அதுக்கு வேணுங்கற கர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லாமப் போச்சுன்னா ரீபூட்டுக்கப்பறம் நெட்டே இருக்காது, அதச் சரிபண்ற பேக்கேஜ எறக்கவும் அதே நெட்டுதான் வேணும் பாருங்க! அப்பறம் ஃபோன யூஎஸ்பில சொருகி டெதரிங் போட்டுக்கிட்டு ஒக்காரோணும். சைன் இல்லாத டிரைவர உள்ள விடாத செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, அந்த டிரைவர் மாட்யூல சைன் பண்ற வேலை தனி. ஆர்8169 லோடாகாம இருக்க அத பிளாக்லிஸ்ட்டும் பண்ணோணும்.

என்னையக் கேட்டா, டெர்மினல்ல ‘எல்எஸ்பிசிஐ -கே’ அடிச்சு எந்த டிரைவர் ஓடுதுன்னு பாத்துப்போட்டு ஆர்8169லயே ஓட்டுங்க. லிங்க் விழுந்தா மொதல்ல ஏஎஸ்பிஎம்ம ஆஃப் பண்ணிப் பாருங்க, அதுக்கும் மசியலைன்னாத்தான் ஆர்8168, அப்பவும் ஓடிட்டிருந்த பழைய கர்னல, பூட் ஆகறப்ப வர்ற கிரப் மெனுவுல இருந்து தூக்கிப்போடாதீங்க.