டிரெய்லர் விளக்குகளை எல்இடிக்கு மாற்றியது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்களிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு டிராவல் டிரெய்லர். உள்ளேயே சமைத்து, தூங்கி வாழும் சின்ன வீடு மாதிரி, பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வகை. கலிஃபோர்னியாவில் இருப்பதால் போகிற இடமெல்லாம் பெரும்பாலும் தேசியப் பூங்காக்களும் வனத்துறை முகாம்களும்தான். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள்: குழாயில் தண்ணீர் உண்டு, டிரெய்லருக்கு கரண்ட் இணைப்பு கிடையாது. இருட்டிய பிறகு நம்பியிருக்க வேண்டியது முன்பக்கப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றைத்தான். விளக்குகளை மாற்ற நினைத்ததே அந்தப் பேட்டரிக்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்து டிரெய்லர்களின் கூரையில் இருப்பவை இரட்டை பல்பு விளக்குகள். எங்களுடையதில் முதலில் ஒவ்வொன்றிலும் 1141 என்று எண் போட்ட குண்டு பல்பு இரண்டு இருந்தன. ஒரு பல்பு 1.44 ஆம்பியர் இழுக்கும், அதாவது சுமார் 18 வாட். இப்படி நாலு விளக்குகளை நாலு மணி நேரம் எரியவிட்டால் 46 ஆம்பியர்-மணி போய்விடும். குரூப் 24 என்ற அளவில் வரும் சாதாரண ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவே 80-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் சீட்டாட்டம் எல்லாம் முடிவதற்குள் அன்றைய ஒதுக்கீடு காலி. அதே எட்டு இடங்களில் இரண்டரை வாட் எல்இடி போட்டால் 6, 7 ஆம்பியர்-மணியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே மாற்றலாமா வேண்டாமா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல்.

நாங்கள் வாங்கும்போதே பாதி விளக்குகளில் எல்இடி இருந்தது. முன்பு வைத்திருந்தவர் எங்கோ மலிவாக மொத்தமாக வாங்கி மாட்டியிருந்தார். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம். மனைவி உள்ளே வந்து சுவிட்சைப் போட்டதும், "ஏங்க, இது என்ன ஆஸ்பத்திரி வார்டா?" என்றாள். நிறத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளிலேயே அவை சாகத் தொடங்கின, அதுவும் ஒரு விசேஷமான விதத்தில். ஒரு பல்பில் சின்னச் சின்னச் சில்லுகள் நிறைய இருக்கும் இல்லையா, அவை தனித்தனியாக அணையவில்லை. மூன்று சில்லுகள் ஒரே நேரத்தில் அணையும். கொஞ்ச நாள் கழித்து பக்கத்து மூன்று மினுக்கும், அப்புறம் அதுவும் போய்விடும்.

ஒன்றைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடுகிறது. மூன்று சில்லுகளைத் தொடராக இணைத்து, கூடவே ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருப்பார்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த வேறு எதுவும் இல்லை. மூன்று வெள்ளைச் சில்லுகளுக்கு 9.3 வோல்ட் போனது போக மிச்சம் ரெசிஸ்டரின் தலையில். நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், அப்போது ரெசிஸ்டருக்கு 3.3 வோல்ட். சோலார் பலகை பேட்டரியைத் தள்ளி ஏற்றும் நேரத்தில் 14.4 வோல்ட் வரை ஏறும், ரெசிஸ்டருக்கு 5.1. பேட்டரியில் ஏறியது 1.8 வோல்ட்தான், ஆனால் சில்லுக்குள் பாயும் மின்னோட்டம் ஒன்றரை மடங்கை ஒட்டிப் போகிறது. உள்ளே சூடு, சில்லு கருகல், தொடரில் ஒன்று போனால் மூன்றும் இருட்டு. டிரெய்லரில் '12 வோல்ட்' என்பது ஒரு பெயர் மட்டுமே. கரண்ட் இணைப்பு உள்ள முகாமில், வெளி கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியையும் ஏற்றும் கன்வெர்ட்டர் 13.6-ல் வைத்திருக்கும், சார்ஜ் ஏறும்போது 14.4, ராத்திரி ஹீட்டர் ஓடி முடித்த விடியற்காலையில் 12-க்கும் கீழே. இந்த மேடு பள்ளத்தைத் தாங்காத பல்புக்கு அட்டையில் '50,000 மணி நேரம்' என்று போட்டிருந்து என்ன பயன்?

அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது, வேலை செய்யும் மின்னழுத்தம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான். '10–30 வோல்ட்' அல்லது '8–30 வோல்ட்' என்று இருந்தால், பெரும்பாலும் உள்ளே மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் டிரைவர் சர்க்யூட் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் '12 வோல்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. விலையில் வித்தியாசம் உண்டு. ரெசிஸ்டர் வகை ஒன்றுக்கு இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கும்போது டிரைவர் வைத்தது இரண்டு மூன்று மடங்காவது இருக்கும். கையில் வந்த பிறகு சோதிப்பதும் எளிது. பேட்டரி களைத்திருக்கும்போது விளக்கைப் போட்டுவிட்டு, கன்வெர்ட்டரையோ ஜெனரேட்டரையோ இணையுங்கள். வெளிச்சம் சட்டென்று கூடினால் அது ரெசிஸ்டர் வகை. அசையாமல் இருந்தால் நல்ல பல்பு. நான் மாட்டிய டிரைவர் வகைப் பல்புகள் சில வருடமாக எரிகின்றன. கூரையில் இருப்பவற்றில் ஒன்றுகூட இன்னும் போகவில்லை.

எந்த அடிப்பாகம் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம், பழைய பல்பைக் கழற்றி அதிலிருக்கும் எண்ணைப் பாருங்கள். அழுத்தித் திருகி மாட்டும் உலோக அடி, பக்கவாட்டில் ஒரே உயரத்தில் இரண்டு முள், அடியில் ஒரே ஒரு தொடுபுள்ளி என்றால் அது 1141 அல்லது 1156. இரண்டுக்கும் ஒரே ஹோல்டர்தான். 1156 இன்னும் பெருந்தீனி, 27 வாட் வரை இழுக்கும். 1141-க்கான விளக்கில் அதை மாட்டி பிளாஸ்டிக் மூடி பழுப்பேறி உருகிப்போனதைப் பழைய டிரெய்லர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். கண்ணாடி அடியே தட்டையாக, நேராகச் செருகுவதாக இருந்தால் 921. கூரைக்குள் பதித்த சின்ன வட்ட விளக்குகளில் இருப்பது ஜி4, நாலு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிகள். ஜி4 வாங்கும்போது ஊசி பின்பக்கம் வருகிறதா, பக்கவாட்டில் வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்; மாறினால் மூடி மூடாது. மூடிக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்துவிடுவதும் நல்லது.

வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இழை பல்பு எல்லாத் திசையிலும் வெளிச்சம் வீசும். வெளிச்சத்தை அளக்கும் லூமன் கணக்கில் 1141 தருவது 260-ஐ ஒட்டி. அதில் பாதி கூரைப் பக்கம் போய், பின்னாலிருக்கும் தகட்டில் பட்டுத் திரும்பும். எங்கள் விளக்குகளில் பல்பு படுத்தவாக்கில் இருக்கிறது. சுற்றிலும் சில்லு ஒட்டிய கோபுர வகையைப் போட்டால் பாதிச் சில்லுகள் கூரைக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். ஒரே பக்கம் சில்லு வைத்த தட்டை வகைதான் இங்கே சரி. 200 லூமனே போதும், அத்தனையும் கீழே வரும். ஆனால் முள் வைத்த அடியில் தட்டை எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்பது நம் கையில் இல்லை. மாட்டிய பிறகு அது பக்கவாட்டில் பார்த்து நிற்கலாம், அரைச் சுற்று திருப்பி மாட்டினாலும் எதிர்ப்பக்கம்தான் பார்க்கும். தலையைத் திருப்பிக்கொள்ளும்படி செய்த பல்புகள் இதற்கென்றே வருகின்றன. 921-ல் இந்தத் தொல்லை இல்லை, பிடுங்கித் திருப்பிச் செருகினால் ஆயிற்று. திருப்பிச் செருகியதும் எரியவில்லை என்றால் அந்த பல்பு பிளஸ், மைனஸ் பார்க்கிறது என்று பொருள். எங்கள் டிரெய்லரில் படுக்கை விளக்கு ஒன்றுக்குத் தொழிற்சாலையிலேயே வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இழை பல்புக்கு அது தெரியவே தெரியாது. எப்படி மாட்டினாலும் எரியும் என்று எழுதியிருக்கும் பல்பையே வாங்குங்கள்.

இனி நிறம். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் எண்ணால் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம். இழை பல்பின் வெளிச்சம் 2700, 2800 கெல்வினை ஒட்டியது. உள்ளே எல்லாம் மரநிறப் பலகை என்பதால் 2700-க்கும் 3000-க்கும் நடுவில் எடுத்தால் கண்ணுக்குப் பழகியபடி இருக்கும். 6000 தயவுசெய்து வேண்டாம். ஆனால் கெல்வின் மட்டும் பார்த்தால் போதாது. முன்னவர் மாட்டிய பல்பில் வெங்காயம் வதக்கும்போது மனைவிக்குப் பொன்னிறமாகிவிட்டதா, கருகத் தொடங்கிவிட்டதா என்றே தெரியாமல், வாணலியோடு ஜன்னல் பக்கம் போய்ப் பார்ப்பாள். மிளகாய்த்தூள் செங்கல் பொடியைவிட மங்கலாகத் தெரியும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு சிஆர்ஐ என்று ஒரு எண் உண்டு. இழை பல்புக்குக் கிட்டத்தட்ட 100. எல்இடியில் 80 என்பது சாதாரணம், 90-க்கு மேல் இருந்தால் நல்லது. இதிலும் ஒரு சூட்சுமம்: அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி, அடர்சிவப்பு அதில் சேராது. அடர்சிவப்புக்குத் தனியாக ஆர்9 என்று ஒரு மதிப்பு. அதைத் துணிந்து அட்டையில் போடுகிறவர்கள் குறைவு. போட்டிருந்தால் அந்தப் பொருளை நம்பி வாங்கலாம். அடுப்புக்கு முன்னாலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் 90-க்கு மேற்பட்டதையே போட்டேன். அதே வாட்டுக்கு லூமன் கொஞ்சம் குறையும்தான், ஆனால் வாணலியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. அலமாரிக்கும் கழிவறைக்கும் 80 போதும், அங்கே காசைப் போட வேண்டாம்.

டிரைவர் வைத்த பல்பில் குறையே இல்லையா என்றால், இரண்டு உண்டு. முதலாவது ரேடியோ இரைச்சல். டிரைவர் சர்க்யூட் மிக வேகமாக மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் சில பல்புகள் எஃப்எம் அலையைக் கெடுக்கும். கூரை ஆன்டெனாவில் டிவி பார்ப்பவர்களுக்கு விளக்கைப் போட்டதும் சில சானல்கள் மறைந்துபோகலாம். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பல்பு வாங்கி, தூரத்து நிலையம் ஒன்றை ரேடியோவில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். 'கொர்' என்றால் வேறு பிராண்டைத் தேடலாம். எங்கள் படுக்கையறைப் பல்பு ஒன்று அப்படித்தான் செய்தது. அதை அலமாரிக்கு மாற்றிவிட்டோம், அங்கே ஒரு நிமிடத்துக்கு மேல் எரியப்போவதில்லை.

இரண்டாவது, வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர். டிரெய்லர்களில் வரும் எல்இடி டிம்மர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுப்பவை. ரெசிஸ்டர் வகைப் பல்பு அதற்கு அழகாக மங்கும். டிரைவர் வகை பலதும் துடிக்கும் அல்லது ஒரே வெளிச்சத்தில் அடம்பிடிக்கும். டிம்மருக்கு ஒத்துவரும் என்று எழுதியிருந்தால் தவிர நம்ப வேண்டாம். நாங்கள் டிம்மர் பக்கமே போகவில்லை. எங்கள் இரட்டை விளக்கின் சுவிட்சில் ஒரு பல்பு மட்டும், இரண்டும் என்று இரண்டு நிலை உண்டு. முதலில் எரிவதில் 100 லூமன் சின்ன பல்பு, மற்றதில் பெரியது. தூங்கப்போகும் நேரத்துக்கு அந்தச் சின்னது தாராளம்.

முழு விளக்கையே எல்இடியோடு சேர்த்து விற்கிறார்களே, அதை வாங்கலாமா? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே சர்க்யூட் போனால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும், பழைய விளக்கின் திருகு ஓட்டைகளும் புதியதோடு பொருந்தாது. கூரைப் பலகை மிக மெல்லியது, பின்னால் மரச்சட்டம் இல்லாத இடத்தில் திருகு நிற்காது. போதாததற்கு பழைய விளக்கு இருந்த இடம் மட்டும் நிறம் மாறாமல் செவ்வகமாகத் தெரியும். பின்னால் பசை ஒட்டிய தட்டைகளும் வருகின்றன; கோடைச் சூட்டில் பசை இளகித் தொங்கும். மூடி உடைந்துபோன விளக்கைத் தவிர எதையும் முழுதாக மாற்றவில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. எல்இடி மினுக்கினால் உடனே பல்பைக் குறை சொல்லாதீர்கள். பத்து, பதினைந்து வருடம் பழைய ஹோல்டரின் உள்ளே பித்தளை நாக்கு அமுங்கி, பச்சைப் பூத்திருக்கும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நாக்கை நிமிர்த்தி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சும் ஹூட்டில் போட்ட எல்இடி மட்டும் நிலைக்கவில்லை. ஆவி, எண்ணெய்ப் பிசுக்கு, கீழிருந்து வரும் சூடு மூன்றும் டிரைவருக்கு ஆகாது. அங்கே பழைய இழை பல்பையே திரும்ப மாட்டிவிட்டோம். சமைக்கும்போது மட்டும் எரிவதால் பேட்டரிக்கும் பெரிய நஷ்டம் இல்லை. வாசல் விளக்குக்கு மஞ்சள் பல்பு போட்டோம். பூச்சிகள் நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் அதிகம் வரும் என்பதால் கதவைத் திறந்தால் உள்ளே நுழைகிற கூட்டம் நன்றாகவே குறைந்தது.

பேட்டரி விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடையில் மாற்றம் அப்பட்டமாகத் தெரிகிறது. கரண்ட் இணைப்பு இல்லாமலேயே மூன்று நாள் வரை ஓட்டிவிடுகிறோம். குளிர்காலத்தில் அப்படி இல்லை. கேஸ் ஹீட்டரின் காற்றாடி ஓடும்போது 7 ஆம்பியரை ஒட்டி இழுக்கிறது. பத்து மணி நேர ராத்திரியில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்-மணி. உங்கள் பேட்டரி காலையில் படுத்துவிடுவது ஹீட்டரால் என்றால், விளக்கை மட்டும் மாற்றி அது தீராது. இன்னொரு பேட்டரியோ சோலார் பலகையோதான் வழி.