கல்லடுக்கா, சிமெண்ட் சுவரா? சரிவில் தோட்டம் போடுகிறவர்களுக்கு

கோத்தகிரியில் எங்கள் மனை பத்து சென்ட். வீடு போக மிச்சமிருப்பதெல்லாம் சரிவு. புல்தரை, நடைபாதை, பூச்செடி என்று எத்தனை கனவு இருந்தாலும் மலையில் முதல் வேலை மண்ணை நிறுத்துவதுதான். அதற்கு வழி இரண்டு: சிமெண்ட் வைத்துக் கட்டும் தடுப்புச் சுவர், இல்லையென்றால் சிமெண்ட்டே இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கும் பழைய முறை. இரண்டையும் கட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றை இடித்தும் பார்த்துவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சிமெண்ட் சுவர் சீக்கிரம் எழும்பும், எந்தக் கொத்தனாரும் கட்டுவார். கல்லடுக்குக்குக் கை பழகிய ஆள் வேண்டும்; எனக்கு ஒருவர் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. இடத்தைச் சேமிப்பதிலும் சிமெண்ட்டுக்கே வெற்றி. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் முக்கால் அடி கனத்தில் நின்றுவிடும், அதன் அகலமான பாதம் மண்ணுக்குள் மறைந்துகொள்ளும். கல்லடுக்கோ தன் உயரத்தில் பாதியையாவது அடியில் அகலமாகக் கேட்கும். செலவைப் பொறுத்தவரை, சிமெண்ட்டில் மிச்சப்பட்டதை லாரி வாடகையும் கூலியும் தின்றுவிட்டன. அழகு அவரவர் கண்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. 2009 நவம்பரில் எங்கள் நீலகிரி மாவட்டத்துக் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியதையும், அந்த வாரச் சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. நம் தோட்டச் சுவர் அந்த அளவு மழைக்காகக் கட்டப்படுவதில்லைதான். ஆனால் சுவரைச் சாய்ப்பது மண்ணின் கனத்தைவிட அதற்குள் தேங்கும் தண்ணீர் என்பதை எந்த மழையிலும் பார்க்கலாம். ஆறடிச் சுவரின் பின்னால் உச்சிவரை தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 1,670 கிலோ எடைக்கு நிகரான விசை தள்ளுகிறது. மண்ணின் அழுத்தம் அதற்கு மேல். உயரம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும்.

எங்கள் முதல் சுவர் சிமெண்ட் வைத்துக் கட்டிய ஆறடிக் கருங்கல் சுவர். ஒப்பந்தக்காரர் நாற்பதடி நீளத்துக்கு மூன்றே மூன்று வடிகால் குழாய்கள் வைத்திருந்தார். முதல் மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் நடுவே வயிறு தள்ள ஆரம்பித்தது. மூன்றாவதில் விரிசலுக்குள் ஐந்து ரூபாய் நாணயம் தாராளமாகப் போயிற்று. இடித்தபோதுதான் உண்மை தெரிந்தது: இரண்டு குழாய்களின் வாய் பூச்சுக் கலவையால் அடைபட்டிருந்தது, மூன்றாவதற்குள் செம்மண் இறுகிச் செங்கல்லாகியிருந்தது. பின்புறம் ஒரு கூடை ஜல்லிகூட இல்லை, தோண்டிய மண்ணையே திருப்பிக் கொட்டியிருந்தார்கள். கல்லடுக்கு வேலைக்காக வந்து பார்த்த மேஸ்திரி, “தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கு இது என்ன தொட்டியா, அம்மா?” என்று மட்டும் கேட்டார்.

சரியாகக் கட்டிய சிமெண்ட் சுவர் இப்படி ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய்களை ஐந்தாறு அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். பின்புறம் ஓரடிக்காவது ஜல்லி நிரப்பி, அதற்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். இதெல்லாம் மண்ணுக்குள் மூடப்படுகிற வேலை. வேலை நடக்கும் நாளில் நீங்கள் அங்கே நிற்கவில்லையென்றால், நடந்ததா இல்லையா என்பதைச் சுவர் சாயும்போதுதான் தெரிந்துகொள்வீர்கள். அதன் பிறகும் ஒவ்வொரு புரட்டாசியிலும் குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். அதைத் தவறாமல் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

கல்லடுக்கில் தனியாக வடிகால் துளை வேண்டாம், இடுக்கெல்லாம் வடிகால்தான். மேஸ்திரி ஆறடிச் சுவர் ஒன்றுக்குப் பதிலாக மூன்றடிச் சுவர் இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் தள்ளுவிசை கால் பங்காகிவிடுகிறது. மேல் சுவரைக் கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல் இரு மடங்கு, அதாவது ஆறடி, உள்ளே தள்ளி எழுப்பினார்; பக்கத்தில் நெருங்கினால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் மேல் விழும். அந்த ஆறடி அகலச் சமதளம்தான் இப்போது என் தோட்டம். இடம் போகிறதே என்று முணுமுணுத்தவள், இப்போது அதில் பீன்ஸ் கொடி ஏற்றுகிறேன்.

அடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பெருங்கற்கள் அடியில், கெட்டி மண் வரும்வரை தோண்டிய வாய்க்காலில். சுவர் மேலே போகப் போக மலையின் பக்கம் சாய்கிறது. ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கற்களின் மேல் உட்கார வேண்டும், இணைப்பு நேர்கோட்டில் ஓடக்கூடாது. நான்கடிக்கு ஒன்றாக, சுவரின் அகலம் முழுக்க உள்ளே நுழையும் நீளக் கல். மேஸ்திரி ஒரு கல்லைக் கையில் எடுத்து மூன்று பக்கமும் திருப்பிப் பார்ப்பார். வைத்தபின் அதன் மேல் ஏறி நிற்பார். இம்மியளவு ஆடினாலும் சில்லுக்கல்லைச் செருகுவார், அப்போதும் ஆடினால் தூக்கி எறிந்துவிடுவார். இடித்த சுவரின் கல்லில் பாதிக்கு மேல் இப்படியே உபயோகமாகிவிட்டது. மீதிதான் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்தது.

அந்த ஐப்பசியில் இரவெல்லாம் பெய்த மழையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் முழுக்க நூல்நூலாகத் தண்ணீர், முதலில் செந்நிறமாக, விடியும்போது தெளிந்து. ஆறு மழைக்காலம் தாண்டியும் வயிறு தள்ளவில்லை. ஒரு மூலையில் மட்டும் இரண்டு கற்கள் நழுவின. ஒரு காலைப் பொழுதில் நானும் மகனும் எடுத்து வைத்துவிட்டோம். சிமெண்ட் சுவரில் இப்படிக் கைவைக்க முடியாது. பராமரிப்பு என்று பார்த்தால், இடுக்கில் முளைக்கும் சில்வர் ஓக் கன்றையும் உண்ணிச்செடியையும் விரல் பருமன் ஆகுமுன் பிடுங்க வேண்டும். பெரணியும், நீலகிரியின் பாதிச் சுவர்களில் தானாகவே படரும் அந்தச் சின்ன வெள்ளை டெய்சியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்லடுக்கில் என் அனுபவம் மூன்றடிச் சுவரோடு முடிகிறது. ஐந்தடிக்கு மேல் போவதென்றாலும், வீட்டின் அஸ்திவாரத்தையோ கார் நிற்கும் இடத்தையோ தாங்க வேண்டிய சுவர் என்றாலும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அங்கே கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கே நானும் போவேன், போனேன். மண் வெட்டப் பொக்லைன் தேவையென்றால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் முதலில் வாங்கிவிடுங்கள். விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை: கோவையிலிருந்து வந்து பார்த்த உறவினர் ஒருவர் கல்லடுக்கைப் பார்த்து, “சுவரை இன்னும் முடிக்கவில்லையா?” என்றார். வாங்க வருகிறவர்களும் அப்படியே நினைக்கலாம்.

கார் நிற்கும் இடத்தின் கான்கிரீட் சுவரை ஒட்டி மூன்று ஹைட்ரேஞ்சியா நட்டேன். அதே தாய்ச்செடியின் குச்சிகளைக் கல்லடுக்கின் மேலும் நட்டேன். இங்கத்து மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை கொண்டது, ஆகவே கல்லடுக்கின் மேல் எல்லாம் நீலமாகவே பூக்கின்றன. கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பை முறித்ததில், சுவரோரத்து மூன்றும் இளஞ்சிவப்பாகிவிட்டன. பேத்திக்கு அந்தச் சிவப்புதான் பிடித்திருக்கிறது.