எலிக்குக் கேக்கா, கூண்டா?

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்கு எலி குடிவந்தது. அரிசி மூட்டையின் மூலையில் ஓட்டை, அடுப்பு மேடையில் நெல்மணி பருமனில் கரிய புழுக்கை. கடையில் மூன்று வழி காட்டினார்கள்: பசை அட்டை, விஷக் கேக், கம்பிக்கூண்டு. மூன்றையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போது நான் கூண்டுக் கட்சி.

அரிசி போனால் போகிறது. எலியின் மூத்திரம்தான் பொல்லாதது. அதிலுள்ள லெப்டோஸ்பைரா கிருமி ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கால் வெடிப்பு, புண் வழியே உடம்பில் ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும் எலிக்காய்ச்சல், முற்றினால் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் இது பலரைக் கொண்டுபோனது.

பசை அட்டை ஒரே இரவோடு முடிந்தது. உயிரோடு ஒட்டிக்கொண்டு விடியும்வரை கத்திய எலி, பயத்தில் அட்டை முழுக்க மூத்திரம் பெய்திருந்தது. எதை வீட்டில் வேண்டாம் என்றோமோ அதையே தட்டில் வாங்கினாற்போல. இந்திய விலங்குகள் நல வாரியமும் இதற்கு எதிராகத்தான் சொல்லியிருக்கிறது.

கேக் சுகமான வேலை, மறுக்க மாட்டேன். மூலையில் போட்டுவிட்டுத் தூங்கலாம். அதிலுள்ள ப்ரோமாடியோலோன் என்ற விஷம் ரத்தம் உறைவதைத் தடுக்கும்; எலி சாக நான்கைந்து நாள் ஆவதால் மற்ற எலிகளுக்குச் சந்தேகமும் வராது. “தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும் சார்” என்றார் கடைக்காரர். போகவில்லை. சோர்ந்த எலி தன் வளைக்கே திரும்பும். எங்கள் வீட்டில் வளை என்பது பரண்மேல் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால். ஆறாம் நாள் நாற்றம் தொடங்கியது. சாம்பிராணி போட்டோம், ஊதுவத்தி கொளுத்தினோம். கடைசியில் பரணில் இருந்த அண்டா, குத்துவிளக்கு, பழைய பாய் எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் அகப்பட்டது.

நாற்றத்தையாவது பொறுக்கலாம். எலியின் உடம்பு ஆறியதும் அதிலிருக்கும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பு தேடிக் கிளம்பிவிடும். பிளேக் மனிதனுக்கு வந்த பழைய வழியே இதுதான். இன்று நம் பக்கத்தில் பிளேக் பயமில்லை. ஆனால் தெள்ளு பரப்பும் டைபஸ் காய்ச்சல் இன்னும் இருக்கிறது. செத்த எலி எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். கேக் அதைச் சொல்லாது.

கேக்காவது பரவாயில்லை, தவறித் தின்றால் வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. கல்லீரலைத் தின்னும் மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்துப் பசைக்கு அதுவும் கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில், எலிமருந்து வைத்த அறையில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்தபின் என் மனைவி பசை, பவுடர் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

கூண்டுக்குப் பொறுமை வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். அதனால் முதல் மூன்று இரவு கதவைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டுத் தீனி மட்டும் வைத்தேன். நான்காம் இரவுதான் கொக்கியை மாட்டினேன். சுவரை ஒட்டி வைக்க வேண்டும், நடு அறையில் எலி நடக்காது. ஊரே மசால் வடை என்கிறது. என் வீட்டு எலிகளுக்குச் சுட்ட தேங்காய்தான் பிடித்தது. பதினொரு நாளில் ஐந்து எலி, ஒரு மூஞ்சூறு. மூஞ்சூறு பூச்சி தின்பது, தோட்டத்திலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கூண்டை ஊறவைத்துக் கழுவினேன். புழுக்கையையும் காய்ந்தபடி பெருக்காமல், அதே தண்ணீரைத் தெளித்துத் துடைத்தேன்.

பிடித்த எலியை என்ன செய்வது என்பதுதான் கூண்டின் சங்கடம். ஏரிக்கரைப் பொட்டலில் திறந்துவிட்டேன். முதல் எலியைக் காகம் கொண்டுபோனது. மற்ற நான்கும் எந்த வீட்டுக்குப் போயினவோ, அந்தப் பாவம் என்னைச் சேரும். பெருச்சாளிக்கு இந்தக் கூண்டு போதாது என்று நினைக்கிறேன், வைத்துப் பார்த்ததில்லை. எலி கூட்டமாகப் பெருகிய கிடங்கென்றால் கேக் இல்லாமல் முடியாமலும் போகலாம்.

ஆறாவது எலி வராததற்குக் கூண்டு மட்டும் காரணமில்லை. கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் சந்து இருந்தது. கொத்தனார் கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டால் அதைப் பூசினார். அரை மணி நேர வேலை.