கச்சான் காற்றுக்கு ஒரு மண்குடம்

வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் பிரிஜ் கதவு மூடிக் கிடப்பதேயில்லை. அந்த நாட்களுக்கென்றே விறாந்தையில் ஒரு மண்குடம் வைத்துப் பாருங்கள். பல் கூசாத குளிர்ச்சியில் நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கும், கரண்ட் போனாலும் இருக்கும். ஆனால் சரியான குடமாக இருக்கவேண்டும்.

சந்தையிலும் தெருவோரத்திலும் மூன்று விதம் கிடைக்கின்றன: பூச்சில்லாத வெறும் குடம், பைப் பூட்டிய குடம், பெயின்ற் அல்லது வார்னிஷ் அடித்த அலங்காரக் குடம். கடைசியைத் தண்ணீருக்கு வாங்கவே வேண்டாம். மண்ணின் நுண்துளைகள் வழியே தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது. பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிடும். பத்து லீற்றரில் வெறும் 100 மில்லிலீற்றர் ஆவியாகும்போது உறிஞ்சப்படும் வெப்பம், மிச்சத் தண்ணீரை ஏறக்குறைய 6 பாகை இறக்கப் போதுமானது. வெளிச்சூடு திரும்பத் திரும்ப உள்ளே போவதால் குடம் ஓயாமல் வியர்க்கவேண்டும்.

கச்சான் மேற்கே மலைகளைத் தாண்டி இறங்கி வரும் வறண்ட காற்று என்பதால் இந்தக் குடத்துக்கு அதுவே உயிர். 35 பாகை வெயிலில் ஈரப்பதன் 45 வீதமாக இருந்தால் தண்ணீர் 27, 28 பாகைக்கு இறங்கும். மாரியில் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டும்போது ஒன்றிரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் தெரியாது. "குடம் பழுதாகிவிட்டது" என்று மார்கழியில் குறைப்படுபவர்களின் குடத்தில் பெரும்பாலும் ஒரு பழுதும் இருக்காது.

வாங்கும்போது விரல் மூட்டால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நன்றாகச் சுட்டது, மந்தமாகக் கேட்டால் கீறலோ வேகாத இடமோ உண்டு. கடைக்காரர் சம்மதித்தால் தண்ணீர் ஊற்றி அரைமணிநேரம் வைக்கச் சொல்லுங்கள். மேனி முழுக்கச் சீராக ஈரம் படர்வது நல்ல குணம். ஒரே இடத்தில் சொட்டினால் அது ஓட்டை.

வீட்டுக்கு வந்ததும் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு தும்பால் தேய்த்துக் கழுவி, முதல் இரண்டு மூன்று நிரப்புத் தண்ணீரைப் பூமரத்துக்கு ஊற்றிவிடுங்கள், மண்வாடை அடங்கும். சவர்க்காரம் தொடவே கூடாது. மண் அதை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும்.

வைக்கும் இடம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்கவேண்டும். அடுப்படி மூலை சரிவராது. அடியில் தட்டு வைத்தால் வழியும் தண்ணீர் தேங்கி நுளம்பு முட்டையிடும். டெங்கு உள்ள ஊரில் இது சின்ன விஷயமில்லை. தட்டில் ஆற்று மணலை நிரப்பி அதன்மேல் குடத்தை இருத்துங்கள். குடம் ஆடாது, ஈரமணலும் குளிர்ச்சி தரும். மணலுக்கு மேல் தண்ணீர் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாயை மெல்லிய துணியால் கட்டி மூடியும் போடுங்கள்.

பைப் பூட்டிய குடம் பிள்ளைகளுக்கு வசதி, கை உள்ளே போகாததால் சுத்தமும்கூட. அதன் பலவீனம் துளையைச் சுற்றித்தான். உள்ளும் வெளியும் இரண்டு ரப்பர் வாசர் இருக்கவேண்டும். கையால் முறுக்குவதோடு நிறுத்துங்கள், சாவி போட்டு இறுக்கினால் மண் விரியும். பைப் இல்லாததற்கு நீண்ட பிடியுள்ள அகப்பை போதும்.

குடம் கிருமியைக் கொல்லாது. கிணற்றுத் தண்ணீரென்றால் கொதிக்கவைத்து, ஆறிய பிறகே ஊற்றவேண்டும். எழுவான்கரையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கிணறுகள் சில கோடையில் உவர்க்கும். அந்த உப்பு கொதித்தாலும் போகாது, குடத்திலும் போகாது. வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துத் துளைகளையும் அடைக்கும். வாரம் ஒருமுறை தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்புப் படிவென்றால் தேசிக்காய் மூடியால் தேய்க்க இளகும். அப்படியும் வியர்க்காத குடத்தைப் பூஞ்சாடியாக்கிவிட்டுப் புதியது வாங்குவதே மேல். இரண்டு மூன்று பேருள்ள வீட்டுக்கு எட்டிலிருந்து பத்து லீற்றர் வெறும் குடமே எங்கள் தெரிவு. அதைவிடப் பெரியதில் தண்ணீர் பழசாகும், கழுவத் தூக்குவதும் பாடு.

மழை பிடித்ததும் நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.